பாய்மரப் படகின் இன்ஜின் ஏன் அதிருது? கோளாறு எங்கேன்னு கண்டுபிடிப்பது எப்படி?

கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவரும் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ல் திரும்பினார்கள். அதற்குக் காற்றே போதும். ஆனால் துறைமுகத்துக்குள் நுழைய, காற்று இல்லாத நாளில் கரை சேர, பெரும்பாலான பாய்மரப் படகுகளுக்கு டீசல் இன்ஜின் வேணும். அது திடீர்னு அதிர ஆரம்பித்தால்?

ஏன் கவலைப்படணும்?

புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட், நீர்மட்டத்துக்குக் கீழே படகைத் துளைத்து வெளியே போகிறது. அந்தத் துளையில் தண்ணீர் புகாமல் காப்பது ஒரு சீல்தான். அதிர்வு தொடர்ந்தால் சீல் தேயும், கப்ளிங் போல்ட் தளரும். ஷாஃப்ட் கழன்று வெளியே நழுவினால், கடல் உள்ளே வந்துவிடும்.

எப்போது அதிருதுன்னு முதல்ல பாருங்க

• நியூட்ரலிலேயே அதிர்ந்தால்: கோளாறு இன்ஜின் பக்கம். டீசல் பட்டு ஊறிப்போன ரப்பர் மவுண்ட், சரியாக எரியாத சிலிண்டர், மிகக் குறைவான ஐடில் வேகம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

• கியர் போட்ட பிறகு மட்டும் அதிர்ந்தால்: ஷாஃப்ட், கப்ளிங், பேரிங், புரொப்பெல்லர்.

• நேற்று நன்றாக ஓடி, இன்று திடீர்னு அதிர்ந்தால்: புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சிக்கியிருக்கலாம். மடங்கும் புரொப்பெல்லர் என்றால், ஒரு இலை விரியாமல் இருக்கலாம்.

• மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த படகு என்றால்: இலைகளில் ஒட்டிய சிப்பிகள்.

கொஞ்சம் கணக்கு

3 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்-ல் ஓடுகிறது. கியர் விகிதம் 2.5:1. புரொப்பெல்லருக்கு 3 இலைகள். அப்படியானால் ஒரு விநாடிக்கு:

• இன்ஜின் சுழற்சி: 30
• ஷாஃப்ட் சுழற்சி: 12
• இலைகள் தண்ணீரைத் தள்ளுவது: 36
• சிலிண்டர்கள் எரிவது: 45 (ஒவ்வொன்றும் 15)

அதிர்வை அளக்கும் ஆப் உள்ள போனை இன்ஜின் அருகே படகின் கட்டமைப்பில் வைத்துப் பாருங்க. 12-ல் உச்சம் தெரிந்தால், ஷாஃப்ட் வளைவோ புரொப்பெல்லர் சமநிலையோ காரணமாக இருக்கலாம். 15-ல் தெரிந்தால், ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யலைன்னு அர்த்தம். இது முடிவல்ல, எங்கே தேடணும்னு சொல்லும் குறிப்பு.

அலைன்மென்ட் சரியா?

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் ஷாஃப்டில் கை வைக்கணும். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு ஃபிளேஞ்ச்களுக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என 4 இடங்களில் ஃபீலர் கேஜால் இடைவெளி அளக்கணும். 100 மி.மீ. ஃபிளேஞ்சில் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கணும் என்பது பொதுவான விதி. பிறகு ஷாஃப்டை மட்டும் கையால் திருப்புங்க. அகலமான இடைவெளி அதே இடத்தில் நின்றால், இன்ஜின் இருப்பு சரியில்லை. ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால், ஷாஃப்டோ அதன் ஃபிளேஞ்சோ கோணல்.

படகு தண்ணீரில் மிதக்கும்போது அளப்பது முக்கியம். கரையில் தாங்கிகளில் நிற்கும்போது அதன் வடிவம் லேசாக மாறிவிடும்.

பேரிங்கை மாற்றினால் போதுமா?

ஷாஃப்டின் வெளிமுனையைத் தாங்கும் ரப்பர் பேரிங், ஒரே பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்க. அப்படியென்றால் அலைன்மென்ட்டைச் சரி செய்யாமல் புதுசு போட்டாலும் அதுவும் தேயும்.

நடுக்கடலில் அதிர்ந்தால்?

உடனே நியூட்ரலுக்கு வாங்க. சீல் வழியாகத் தண்ணீர் வருதான்னு பாருங்க. பிறகு பாயை விரித்துக் கரை சேருங்க. காரணத்தை அங்கே தேடலாம்.