லீவில் வந்த தகப்பன்மார்: அச்சுவேலியும் கொழும்பு உத்தியோகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில், செம்மண் தோட்டங்களுக்கும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்கும் இடையே அமைந்த அச்சுவேலியில், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்களின் ஆண்டு, தகப்பன் லீவில் வரும் நாட்களைக் கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளோடு இருப்பதற்கான அந்த நேரத்தைத் தகப்பனின் பாசம் மட்டும் உண்டாக்கவில்லை. புகையிரத நேரசூசி, அரசாங்கத்தின் விடுமுறைச் சட்டம், ஊரில் தங்கிய மனைவியின் உழைப்பு ஆகியவை சேர்ந்தே அதை உண்டாக்கின.

இந்தப் பிரிவின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1816இல் குடாநாட்டில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனும் பிற சபைகளும் நடத்திய பள்ளிக்கூடங்கள் ஆங்கிலம் படித்த இளைஞரைப் பெருகச் செய்தன. அவர்களுக்குத் தேவையான எழுதுவினைஞர் பதவிகளோ கொழும்பிலும், கடல் கடந்து மலாயாவிலும் இருந்தன. மலாயாவுக்குப் போனவர் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருக்க, அங்கிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த காசுக்கட்டளைகளால் வீடுகள் நடந்தமையின், யாழ்ப்பாணத்தார் வாழ்வை ‘மணியோடர்ப் பொருளாதாரம்’ என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1905இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான இருப்புப்பாதை முழுமையடைந்த பின்னரே, தூரத்துத் தகப்பன் ஆண்டில் பலமுறை வந்துபோகும் தகப்பனாக மாற முடிந்தது.

குடும்பத்தையே கொழும்புக்கு அழைத்துச் செல்லாததற்கு வாடகைச் செலவு ஒரு காரணம். ஊர்ப் பள்ளிக்கூடங்களின் தரம் மற்றொன்று. அவற்றினும் ஆழமான காரணம் சொத்துமுறையில் இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், பெண் மணம்முடிக்கும்போது பெறும் சீதனத்தை அவளுக்குரிய தனிச் சொத்தாக ஏற்றிருந்தது. வீடும் தோட்டக்காணியும் மனைவியின் பெயரில் ஊரில் இருக்க, கணவன் மட்டும் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ‘சமறி’ ஒன்றில், அதாவது பல ஆண்கள் கூடி வீடெடுத்துச் சமையற்காரரை அமர்த்தி வாழ்ந்த கூட்டு விடுதியில், தங்குவதே பலருக்கும் இயல்பான ஏற்பாடாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டதும் கோட்டை நிலையத்தில் இரவுத் தபால் வண்டி ஏறினால் சனிக்கிழமை காலை யாழ்ப்பாணம் சேரலாம். பாதை மேற்கே கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை வழியாகச் சென்றதால், அச்சுவேலியார் இறங்கிய பின்னும் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஞாயிறு மாலை மீண்டும் தபால் வண்டி. சுமார் 400 கிலோமீற்றர் போய், அதே அளவு திரும்பி, இடையில் கிடைத்தது இரண்டு பகலும் ஓர் இரவும். அரசாங்கம் வழங்கிய ‘வாரண்ட்’, அதாவது இலவசப் பயண அனுமதிச் சீட்டு, ஆண்டுக்குச் சில பயணங்களுக்கே உதவியமையால், அதைச் சித்திரை, ஆவணி, மார்கழிப் பள்ளி விடுமுறைகளுக்கென ஒதுக்கிவைப்பது சிக்கனமான குடும்பத்தின் வழி. ஆவணி விடுமுறையை ஒட்டி நல்லூர்த் திருவிழாவும், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க செல்வச்சந்நிதித் திருவிழாவும் வந்தமை அச்சுவேலியாருக்கு வாய்த்த வசதி.

அந்த நாட்கள் ஓய்வுநாட்களாகக் கழிந்தன என்று எண்ணுவது தவறு. நீரிறைக்கும் எந்திரங்கள் பரவுவதற்கு முன், ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் துலா மிதிப்பவர், பட்டையால் இறைப்பவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என்று ஆட்கள் பலர் வேண்டும். லீவில் வந்தவரும் பிள்ளைகளும் அந்த இடங்களில் ஒன்றை நிரப்பினர். வேலி அடைப்பதும் வீடு வேய்வதும் தகப்பன் வரவுக்காகக் காத்திருந்தன. தந்தையும் மகனும் நீண்ட நேரம் பக்கத்தில் நின்றது பெரும்பாலும் இத்தகைய வேலைகளில்தான். திரும்பிப் போகையில் பையில் புழுக்கொடியலும் பனாட்டும் மிளகாய்த்தூளும், பருவமானால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஏறின. மற்றெல்லா நாட்களிலும் கூலி கொடுத்து, கிணறு பார்த்து, பள்ளிக் கட்டணம் கட்டி வீட்டை நடத்தியவர் மனைவியே. ஆனால் அவருக்கு லீவு எழுதிக்கொடுக்க எந்தக் கந்தோரும் இருக்கவில்லை. அந்தத் தோட்டங்களில் கூலிக்கு உழைத்த குடும்பங்களுக்கும் லீவு இருக்கவில்லை.

பகல்நேர விரைவு வண்டியான ‘யாழ்தேவி’ 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கியது. ஜூனில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. வீட்டுக்கு வரும் வழி விரைவான அதே ஆண்டில் உத்தியோகத்தின் எதிர்காலம் ஐயத்துக்குள்ளானது கசப்பான பொருத்தமே. 1958 கலவரத்தில் கொழும்புத் தமிழர் பலர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்ட பின், மனைவி மக்களைக் கொழும்புக்கு அழைக்கும் எண்ணம் மேலும் தளர்ந்தது.

1966 முதல் 1971 வரை நாடு மற்றொரு சோதனையைக் கண்டது. சனி, ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு நிலைகளைக் குறிக்கும் போயா நாளும் அதன் முந்திய நாளும் வார விடுமுறையாயின. ஞாயிறு வேலைநாளாகலாம், புதன் விடுமுறையாகலாம், சில வாரங்கள் எட்டு நாட்களுக்கு நீண்டன. பஞ்சாங்கம் பார்த்தே நாள் வைக்கும் ஊருக்குச் சந்திரக் கணக்கு புதிதன்று; எனினும் அச்சுவேலியின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, தகப்பன் வீட்டில் நிற்கும் நாளும் ஞாயிறு பூசையும் ஒன்றுகூடுவது அரிதாயிற்று.

1983 வன்செயல் கொழும்பு வாழ்வை உலுக்கியது; 1990 ஜூனில் போரால் வடக்குப் புகையிரதச் சேவை நின்றதுடன் வார இறுதி வருகை என்ற வழக்கமே அற்றுப்போனது. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்ற அடுத்த தலைமுறையில் பிரிவு, நாட்களாலன்றி ஆண்டுகளால் அளக்கப்பட்டது. புகையிரதம் 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் எட்டியது. அந்த வாழ்வின் சான்றுகளான மணியோடர்த் துண்டுகளும், லீவுக் கடிதங்களும், தாய்மார் எழுதிய தோட்டக் கணக்குக் கொப்பிகளும் இடப்பெயர்வுகளில் பெரிதும் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றை வைத்திருப்போர் அவற்றை எரித்துவிடாமல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ, எண்ணிம ஆவணப்படுத்தலைச் செய்யும் நூலக நிறுவனத்துக்கோ கையளிக்க வேண்டும்.