எலிக்குப் பயந்த ஆல்பர்ட், முயலைத் தொட்ட பீட்டர்

உளவியல் பாடத்தில் எதை மறந்தாலும் ஒரு நாயை மட்டும் யாரும் மறப்பதில்லை. மணி அடித்தால் எச்சில் ஊறுமே, அந்த நாய்தான்! பலருக்கு அந்த நாயோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அந்த நாய்க்குப் பிறகு இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். ஒரு குழந்தைக்குப் பயம் கற்றுக்கொடுக்கப்பட்டது. இன்னொரு குழந்தையின் பயம் போக்கப்பட்டது. முதல் குழந்தை உலகப் புகழ் பெற்றுவிட்டது. இரண்டாவது குழந்தையைப் பலருக்கும் தெரியாது.

சரி, முதலில் நாயிடமிருந்தே தொடங்குவோம்.

ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் உண்மையில் உளவியல் அறிஞரே அல்ல. அவர் உடலியல் விஞ்ஞானி. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். நாயின் வாயில் உணவு பட்டால் எச்சில் ஊறுவது இயற்கை. ஆனால் அவருடைய ஆய்வுக்கூட நாய்களுக்கு உணவு வாயில் படும் முன்பே, உணவு கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே எச்சில் ஊறத் தொடங்கியது. செரிமானத்தை அளக்க வந்தவருக்கு இது ஒரு தொந்தரவு. வேறு யாராவது இருந்தால் ஆளை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பாவ்லோவ் அந்தத் தொந்தரவையே ஆராய்ச்சியாக்கினார்.

மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை ஒலிக்கவிட்டு, உடனே உணவு கொடுத்தார். இப்படிப் பல முறை செய்த பிறகு அந்த ஒலிக்கு மட்டுமே எச்சில் ஊறியது. இதற்குத்தான் ஆக்கநிலையுறுத்தல் என்று பெயர். ஆங்கிலத்தில் கண்டிஷனிங்.

பாவ்லோவ் இதன் மறுபக்கத்தையும் பார்த்தார். உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் குறைந்து நின்றுவிடும். நாய் மறந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒலிக்கச் செய்தால் எச்சில் மீண்டும் எட்டிப் பார்க்கும்! அதாவது, கற்றது அழிவதில்லை, அடங்கித்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதே காலத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். பசித்த பூனையை மரக்கூண்டில் அடைப்பார். வெளியே மீன் இருக்கும். பூனை பிறாண்டும், கடிக்கும், முட்டும். தற்செயலாக ஒரு கயிற்றை இழுத்ததும் கதவு திறக்கும். மறுபடி அடைத்தால் முன்பைவிடச் சீக்கிரம் வெளியே வரும். 1898-ல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: நல்ல பலன் தந்த செயல் நிலைக்கும், பலன் தராத செயல் தேயும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாவ்லோவின் நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு விஷயங்கள் அதன் முன்னால் சேர்ந்து வந்தன, உடம்பு தானாகப் பழகிக்கொண்டது. தார்ண்டைக்கின் பூனையோ தானே ஒன்றைச் செய்து, அதன் விளைவிலிருந்து கற்றது. இந்த இரண்டாவது வகையைப் பின்னாளில் ஸ்கின்னர் வளர்த்தெடுத்தார். அதற்குச் செயல்படு ஆக்கநிலையுறுத்தல் என்று பெயர் வந்தது.

இதுவரை நாயும் பூனையும். அடுத்து மனிதர்.

1920-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரேனரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதில் வரும் குழந்தைக்கு அவர்கள் கொடுத்த பெயர் ஆல்பர்ட். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வெள்ளை எலி, முயல், நாய் எதைக் கண்டும் அவன் பயப்படவில்லை. பதினோரு மாதம் ஆனபோது சோதனை தொடங்கியது. ஆல்பர்ட் எலியைத் தொடக் கை நீட்டுவான். அதே நேரத்தில் அவன் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாட்கள், மொத்தம் ஏழு முறை. அவ்வளவுதான். பிறகு எலியை மட்டும் காட்டியதும் குழந்தை அழுதான், கவிழ்ந்து விழுந்தான், வேகமாகத் தவழ்ந்து விலகினான். மேசை விளிம்பைத் தாண்டுவதற்குள் அவனைப் பிடிக்க வேண்டியிருந்தது. சில நாட்களில் அந்தப் பயம் முயலுக்கும் நாய்க்கும் ரோமக் கோட்டுக்கும் பரவியிருந்தது.

பிறகு அந்தப் பயத்தை எப்படிப் போக்கினார்கள்? போக்கவில்லை! மருத்துவமனையிலிருந்து குழந்தையை அழைத்துப் போய்விட்டார்கள். இருந்திருந்தால் என்னென்ன வழிகளை முயன்றிருக்கலாம் என்று கட்டுரையில் எழுதியதோடு சரி. வாட்சன் அதே 1920-ல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்து, ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கே துணைத் தலைவராகவும் ஆனார். ஆல்பர்ட் யார் என்ற தேடல் சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நடந்தது. ஆய்வாளர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை.

இங்கேதான் மேரி கவர் ஜோன்ஸ் வருகிறார். ரோசலியின் கல்லூரித் தோழி. வாட்சனின் உரையைக் கேட்டவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. பயத்தை உண்டாக்க முடியும் என்றால், அதே வழியில் நீக்கவும் முடியாதா?

அவருக்குக் கிடைத்த குழந்தை பீட்டர். கிட்டத்தட்ட மூன்று வயது. வெள்ளை எலி, முயல், ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு என்று பலவற்றுக்கும் பயந்தான். யாரும் சோதனைக்காக உண்டாக்கிய பயம் அல்ல, ஏற்கெனவே இருந்தது. முதலில், பயமில்லாத மற்ற குழந்தைகள் முயலோடு விளையாடும் இடத்தில் பீட்டரையும் விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் குறைந்தது. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து பீட்டர் மருத்துவமனையில் படுத்தான். குணமாகித் திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவன் மேல் பாய்ந்தது. போன பயம் முழுவதும் திரும்பிவிட்டது!

ஜோன்ஸ் விட்டுவிடவில்லை. பீட்டரை நாற்காலியில் உட்காரவைத்து அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தார். அறையின் தூரத்தில் கூண்டுக்குள் முயல். அவன் நிம்மதியாகச் சாப்பிடும் அளவுக்கு மட்டுமே முயல் கிட்ட வரும். அவசரப்பட்டால் ஆபத்து. முயலின் மேலிருக்கும் பயம் உணவின் மேல் ஏறிவிடலாம். நாளாக நாளாகத் தூரம் குறைந்தது. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான், தன் விரல்களை அது கடிக்கவும் விட்டான். பாவ்லோவ் ஒலியையும் உணவையும் சேர்த்த அதே விதிதான். இங்கே அது ஒரு குழந்தையின் பயத்தைப் போக்கியது.

இந்த ஆய்வு 1924-ல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளில் கழுத்தளவு தண்ணீரில் தவித்து மீட்கப்பட்டன. அதன் பிறகு சில நாய்கள் பழகியிருந்த பாடங்களை இழந்தன. ஒரு நாயை மெல்ல மெல்லத் தேற்றிய பிறகு, கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டுப் பார்த்தார்கள். அது மறுபடி நிலைகுலைந்தது. பீட்டருக்கு ஒரு நாய், இந்த நாய்க்குக் கொஞ்சம் தண்ணீர். அடங்கியிருந்த பயம் எழுந்துகொள்ள அவ்வளவு போதும்.

செயல்படு வகையிலும் இதே பாடம்தான். ஸ்கின்னரின் பெட்டியில் எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும். ஒரு சனிக்கிழமை, கையிருப்பு உருண்டைகள் தீர்ந்துவிடும் போலிருந்ததால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்தார். சிக்கனத்தில் பிறந்த கண்டுபிடிப்பு! எப்போதும் பலன் கிடைத்த எலி, பலன் நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது கிடைத்த எலி நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். 1957-ல் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டியது. சூதாட்டக்காரர் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

ஆக, கற்பிப்பது சுலபம். ஏழு முறை சுத்தியலால் அடித்தால் போதும். கற்றதை அவிழ்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். ஜோன்ஸின் வழியை ஒத்த முறையை 1950-களில் ஜோசப் வோல்பி வளர்த்தெடுத்தார். பயத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இன்றும் நடக்கிறது. ஜோன்ஸை ‘நடத்தைச் சிகிச்சையின் தாய்’ என்று அழைத்தவரும் வோல்பிதான். ஆனால் ஜோன்ஸின் கட்டுரை வெளியான காலத்தில் அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

சுத்தியல் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அறையின் தூரத்திலிருந்து ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நகர்ந்து வந்த முயல் கூண்டு யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த முறை யாராவது பாவ்லோவின் நாயைப் பற்றிப் பேசினால், பீட்டரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.