செய்நிரலும் சித்திரமும்: ஆரோன் பெற்ற அங்கீகாரம்

ஒரு படைப்பு ஆக்கப்படுங் காலமும் அது கலையென ஏற்றுக்கொள்ளப்படுங் காலமும் ஒன்றாக அமைவது அரிது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்வனவற்றை ஆராய்வது கலை வரலாற்றின் முக்கிய பணிகளுள் ஒன்றாகும். செயற்கை நுண்ணறிவு ஆக்கும் சித்திரங்கள் இன்று பெரிதும் பேசப்படுகின்றன. அவை நேற்றுத் தோன்றியவை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. ஆயின் கணனிச் சித்திரத்தின் வரலாறு 1960களிலேயே தொடங்கிவிட்டது. அவ்வரலாற்றில் நெடுங்காலம் இடையறாது வளர்க்கப்பட்டதும், ஏற்றம், மறதி, மீண்டும் ஏற்றம் என மூன்று நிலைகளையும் கண்டதுமான படைப்பு ஹரோல்ட் கோஹனின் ஆரோன் என்னும் செய்நிரலாகும்.

ஆரோனுக்கு முந்திய சூழ்நிலையைச் சிறிது நோக்குதல் தகும். 1965ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் கேயோர்க் நீஸ் என்பவர் கணனி வரைந்த கோட்டுருவங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கு வந்த ஓவியர்கள் சினங்கொண்டனர். அவர்களைச் சமாதானப்படுத்தும் பொருட்டு, கண்காட்சிக்கு இடமளித்த தத்துவப் பேராசிரியர் மக்ஸ் பென்ஸ, இதனைச் ‘செயற்கைக் கலை’ எனக் கொள்ளலாம் எனக் கூறினார் என்பர். தனியானதொரு பெயரைச் சூட்டித் தனியானதொரு மூலையில் அமர்த்திவிடுதலும் ஒருவகை அங்கீகாரமே போலும்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளரான மைக்கல் நொல் தமது கணனிச் சித்திரம் ஒன்றிற்குப் பதிப்புரிமை கோரினார். இயந்திரம் ஆக்கியது எனக் கூறி அது முதலில் மறுக்கப்பட்டது. செய்நிரலை எழுதியவர் மனிதரே என விளக்கியபோது, எழுந்தமானமான எண்கள் அதிற் பயன்படுவது காரணமாகக் காட்டப்பட்டு மீண்டும் மறுக்கப்பட்டது. அவ்வெண்கள் எழுந்தமானமானவையாகத் தோன்றினும் உண்மையில் ஒரு கணித விதியினாற் பிறப்பவை என்று நொல் விளக்கிய பின்னரே உரிமை கிடைத்தது. இயந்திரத்தின் ஆக்கம் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு அதனுள் மனிதர் ஒருவர் இருப்பதைக் காட்டவேண்டியிருந்தது என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

கோஹன் கணனித் துறையிலிருந்து கலைக்கு வந்தவரல்லர். 1928இல் லண்டனிற் பிறந்து ஸ்லேட் ஓவியப் பள்ளியிற் பயின்ற அவர், 1966இல் வெனிஸ் நகரின் சர்வதேசக் கலைக் கண்காட்சியிற் பிரித்தானியாவின் சார்பிற் பங்குபற்றியவர்களுள் ஒருவர். புகழின் உச்சியிலிருந்தபோதே, 1968இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திற்கு விரிவுரையாளராகச் சென்றார். அங்குதான் செய்நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். 1973இல் ஸ்ரான்ட்பேர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடம் அவரை அழைத்தது. ஆரோன் உருப்பெற்றது அக்காலப் பகுதியிலேயாகும்.

ஆரோன் இயங்கும் முறை இங்கு சிறப்பாக நோக்கப்படவேண்டியது. ஏனெனில், பின்னர் அது பெற்ற மதிப்பும் அது குறித்து எழுந்த தவறான விளக்கங்களும் இம்முறையையே பற்றி நிற்கின்றன. தொடக்க கால ஆரோனிடம் எந்தவொரு படமும் சேமித்து வைக்கப்படவில்லை. ஓர் உருவம் மூடியதா திறந்ததா, ஒரு கோடு ஒன்றன் உள்ளே உளதா வெளியே உளதா, எவ்விடம் வெறுமையாக உளது என்பன போன்ற சில அடிப்படை வேறுபாடுகளே அதன் அறிவு. கோடு வரையும்போது அது செல்லவேண்டிய திசையைப் படிக்குப் படி திருத்திக்கொண்டே முன்னேறும். அதனால் அக்கோட்டிற் கைநடுக்கத்தை ஒத்ததொரு நெளிவு அமைந்தது. தற்செயல் தெரிவுகள் இடையிடையே புகுந்தமையால் ஒரு படம் மற்றொரு படம் போன்றிராது. 1980களில் பாறை, செடி, மனித உடல் ஆகியவை பற்றிய விதிகளைக் கோஹன் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கை எவ்வாறு மடங்கும், கிளை எவ்வாறு பிரியும் என்பன விதிகளாக எழுதப்பட்டன. ஓர் ஓவியர் தம் கையின் பழக்கத்தைத் தாமே கண்டறிந்து சொற்களாக்கிய முயற்சி இது.

அரும்பொருளகங்கள் இதனை ஏற்றுக்கொள்ளக் காலந் தாழ்த்தவில்லை. 1977இல் கசெல் நகரின் டொக்கியுமென்ரா கண்காட்சியிலும், 1979இல் சான் பிரான்சிஸ்கோ நவீன கலைக் கூடத்திலும், 1983இல் லண்டன் ரேற் கூடத்திலும் ஆரோனின் படைப்புகள் இடம்பெற்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஆமை எனப்பட்ட சிறு சக்கர வண்டியொன்று நிலத்தில் விரித்த கடதாசியின் மீது ஊர்ந்து வரைந்தது. பார்வையாளர் அதனைச் சூழ்ந்து நின்றனர். ஆனால் அவர்கள் பார்த்தது சித்திரத்தையன்று, ஆமையையே. இதனை உணர்ந்த கோஹன் பின்னர் ஆமையைக் கைவிட்டார். கிடைத்த வரவேற்பு கலைக்கா வேடிக்கைக்கா என்ற ஐயம் அவரை இறுதிவரை தொடர்ந்தது எனலாம்.

மற்றொரு செய்தியும் உண்டு. நெடுங்காலமாக ஆரோன் வரைந்தவை கோடுகள் மட்டுமே. அவற்றுட் பலவற்றிற்குக் கோஹன் தம் கையாலேயே வண்ணந் தீட்டினார். வண்ணம் பற்றிய விதிகளை எழுதுவது மிகக் கடினமாயிருந்தமையால் 1990களிலேயே அது கைகூடிற்று. 1995இல் பொஸ்ரன் கணனி அரும்பொருளகத்தில் ஆரோன் இயந்திரக் கையினால் தானே வண்ணந் தீட்டியது. ஆயினும் ஆரோனைப் படைப்பாற்றலுடையதெனக் கூறக் கோஹன் தயங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

இதன் பின்னர் வந்தது மந்த காலம். ஓவியச் சந்தை ஆரோனைப் பெரிதாக நாடவில்லை. கணனித் துறையிலோ, விதிகளை மனிதர் எழுதும் முறை பழையதாகி, ஏராளமான தரவுகளிலிருந்து இயந்திரமே கற்கும் முறை மேலோங்கிற்று. கோஹன் 2016இற் காலமானபோது அவரது பெயர் துறைசார் அறிஞருக்கு அப்பால் அதிகம் அறியப்பட்டிருக்கவில்லை.

இரு ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 2018 ஒக்ரோபரில் நியூயோர்க் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் ‘எட்மண்ட் பெலமியின் உருவப்படம்’ 4,32,500 டொலருக்கு விற்பனையாயிற்று. ஏலத்தார் முன்கூட்டி மதித்த விலை 7,000 முதல் 10,000 டொலர் வரையே. பாரிஸ் நகர் இளைஞர் மூவரைக் கொண்ட குழுவொன்று, பழைய உருவப்படங்கள் ஏறத்தாழ 15,000ஐக் கணனிக்குப் பயிற்றி இதனை ஆக்கியது. கலைத்தரம் நோக்கின் இது ஆரோனின் நல்ல படங்களுக்கு ஈடாகாது. ஆயினும் விலை ஒரு செய்தியாயிற்று. செய்தி ஒரு முன்னோரைத் தேடிற்று. பேரனின் பெயர் ஊரெல்லாம் பரவிய பின் பாட்டன் யாரென வினவுவது போன்று ஆரோன் மீண்டும் நினைக்கப்பட்டது.

ஆனால் இவ்வுறவுமுறை அத்துணைப் பொருத்தமானதா? இன்றைய இயந்திரங்கள் பிறர் வரைந்த கோடிக்கணக்கான படங்களை உட்கொண்டு இயங்குவன. அப்படங்களை வரைந்தோர் பலர் தம் இசைவு பெறப்படவில்லையென வழக்காடுகின்றனர். ஆரோன் எவருடைய படத்தையும் உட்கொள்ளவில்லை. தன்னை ஆக்கியவரின் அறிவு ஒன்றையே கொண்டு வரைந்தது. எனவே ஆரோன் பெற்ற இரண்டாவது புகழ் ஓரளவு பிழையான உறவுரிமையினாற் கிடைத்ததென்பதை மறுத்தல் இயலாது. சட்டமோ நொல் கண்ட இடத்திலேயே நிற்கின்றது. இயந்திரத்தையே ஆக்கியோனாகக் காட்டிப் பதிப்புரிமை கோரிய வழக்கொன்றை அமெரிக்க நீதிமன்றம் 2023இல் தள்ளியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025இல் அதனை உறுதிசெய்தது.

2024இல் நியூயோர்க் விற்னி அரும்பொருளகம் ஆரோனுக்கெனத் தனிக் கண்காட்சியொன்றை நடத்தியது. பல்வேறு காலத்துச் செய்நிரல்களையும் அவ்வகம் தன் சேகரிப்பிற் சேர்த்திருந்தது. தாம் இறந்த பின்னரும் புதிய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் முதல் ஓவியர் தாமாகவே இருக்கக்கூடுமெனக் கோஹன் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. விற்னியின் கூடத்தில், அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், பேனை பொருத்திய இயந்திரங்கள் அச்செய்நிரல்களின்படி வெற்றுக் கடதாசியிற் கோடுகளை வரைந்துகொண்டிருந்தன.