புகையில்லா அடுப்பும் ஓடந்துறைக் காற்றாலையும்

என் மேசை இழுப்பறையில் இன்னும் ஒரு பழைய நோட்டு கிடக்கிறது. அட்டையில் என் கையெழுத்திலேயே "புகையில்லா அடுப்பு – பயனாளிகள்" என்று எழுதியிருக்கும். எண்பதுகளில் ஒரு ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தபோது வைத்திருந்தது. வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், ஊர், அடுப்பு அமைத்த தேதி. அவ்வளவுதான் கலங்கள். சமைக்கிற பெண்ணின் பெயருக்கு அதில் இடமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீடு மாறும்போது நோட்டைத் தூக்கிப் போட மனம் வராமல் வைத்துக்கொண்டேன். சமீபத்தில் அதைப் புரட்டியபோது, ஏழை வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் நம் பக்கத்தில் நடந்த முயற்சிகளை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நம்மில் பலர் நினைப்பதுபோல் இது அரசாங்கம் தொடங்கியதல்ல. காந்தியடிகள் 1934இல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை ஏற்படுத்தியபோது அதன் பொறுப்பை ஏற்றவர் நம் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா. வார்தாவில் சங்கம் இருந்த இடத்துக்கு மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயர். அங்கேதான் மண்ணெண்ணெய் வேண்டாத ஒரு விளக்கைச் செய்தார்கள். தாவர எண்ணெயில் எரியும். பெயர் மகன் தீபம். மண்ணெண்ணெய் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகிற காசு, நம் ஊர் எண்ணெய் நம் ஊர்ச் செக்குக்கு வருகிற காசு என்பது குமரப்பாவின் கணக்கு. 1947 வாக்கில் அதே வார்தாவிலிருந்து புகைபோக்கி வைத்த மகன் அடுப்பும் வந்தது. பிற்காலத்தில் குமரப்பா மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தி இறந்த அதே நாளில், காலமானார். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளரும் மண்ணால் ஒரு புகையில்லா அடுப்பை வடிவமைத்து, 1953இல் அதை விளக்கி ஒரு சிறு புத்தகமே போட்டார்.

அதே காலத்தில் நம் மலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பைக்காரா மின்நிலையம் 1932இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. கோவை மில்கள் பெருகியதற்கு அந்தக் கரண்டு முக்கியக் காரணம். அறுபதுகளில் கனடா உதவியோடு குந்தா வந்தது. நீலகிரியிலிருந்து இறங்கும் பெரிய கம்பிகள் மலையடிவாரக் குடிசைகளின் தலைக்கு மேலேதான் போயின. கீழே சீமெண்ணெய்ச் சிமினி. நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கரி மூக்கில் ஏறியது மறந்திருக்காது.

புகை உடம்பைக் கெடுக்கும் என்பது நம் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஆனால் மருத்துவப் புத்தகத்தில் அது ஏற வெகுகாலம் ஆயிற்று. டெல்லியில் பணிபுரிந்த இதய மருத்துவர் எஸ். பத்மாவதி (பர்மாவில் பிறந்தவர், 103 வயது வரை வாழ்ந்தவர்) ஒரு விஷயத்தைக் கவனித்தார். நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கி வருகிற நோயாளிகளில் பெண்கள் நிறைய. பீடி, சிகரெட் தொடாதவர்கள். அடுப்புப் புகையைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. 1959இலேயே இதை எழுதிவிட்டார். பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே கருவியைக் கட்டிப் புகையை அளந்தார். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 400க்கும் மேற்பட்ட வீடுகளில் அளந்தார்கள். விறகு, வரட்டி, சோளத்தட்டு எரிக்கிற வீட்டில் சமைப்பவருக்கு அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். சமையலறைக்குத் தனிச் சுவர் இல்லாத வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் தப்புவதில்லை என்பதும் தெரிந்தது. ஒற்றை அறைக் குடிசையில் தனிச் சுவருக்கு எங்கே போவது? கண்ணில் புரை விழுவதற்கும், குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல் கட்டுவதற்கும் இந்தப் புகையோடு உறவு உண்டு என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்டது.

சரி, நம் நோட்டுக்கு வருகிறேன். 1983இல் மத்திய அரசு தேசியப் புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடுதான் பானைக்குப் போகிறது. புது அடுப்பில் ஐந்தில் ஒரு பங்காவது போக வேண்டும் என்பது விதி. விறகு மிச்சமாகும், காடு பிழைக்கும், புகை கூரைக்கு மேலே போகும். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு இலக்கு வரும். பயிற்சி பெற்ற ஆள் ஊருக்குப் போய் மண்ணும் செங்கல்லும் வைத்து இரட்டை வாய் அடுப்பு போட்டு, ஆஸ்பெஸ்டாஸ் குழாயைக் கூரைக்கு மேலே நீட்டி, தலையில் ஒரு தொப்பி மாட்டுவார். ஓர் அடுப்புக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. கிராம சேவிகா பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நான் நோட்டில் ஏற்றுவேன். மார்ச் மாதம் வந்தால் அடுப்புகள் மழைக்காளான் மாதிரி முளைக்கும்.

அடுத்த ஆண்டு அந்த அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஒரு கலம் நோட்டில் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. ஒருமுறை வேறு வேலையாகப் போன ஊரில், என் நோட்டில் இருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டேன். உள்ளே பார்த்தால் அடுப்பைக் காணோம். குழாய் மட்டும் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்கு வழிகாலாகப் படுத்திருந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அதுல களி கிண்ட முடியலீங்க. துடுப்பப் போட்டு அழுத்துனா அடுப்பே ஆடுதுங்க. ரெண்டாவது வாயில வெச்ச தண்ணி வெதுவெதுன்னு நிக்குது, கொதிக்க மாட்டேங்குது. குழாயில கரி அடச்சு, பழைய புகைக்கு மேல ரெண்டு பங்கு புகை."

குழாயைத் துடைக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "ஓலை மேல ஏறி யாருங்க தம்பி தொடைக்கிறது?" என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் குறையில் பாதி வடிவமைப்பில், பாதி எங்களிடம். பெரிய சோற்றுப்பானை வைக்கிற வீடு, களி கிண்டுகிற வீடு, பருத்திமார் எரிக்கிற வீடு என்று பார்த்து வாயின் அளவை மாற்றியிருக்கலாம். ஓலைக் கூரையில் குழாய் போகிற இடத்தில் தகரம் வைத்திருக்கலாம். தீப்பொறிக்குப் பயந்து குழாயைப் பிடுங்கிய வீடுகள் எனக்கே தெரியும். புகை இருந்தால் ஓலையில் செல்லு பிடிக்காது என்று சில வீடுகளில் சொன்னார்கள். அதையும் நாங்கள் அறியாமை என்று தள்ளினோம். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. நான் அந்த வீட்டுக்கு எதிரே ஒரு குறிப்பும் எழுதவில்லை. நோட்டில் இன்றும் அது 'அமைக்கப்பட்டது' என்றே இருக்கிறது.

2002இல் திட்டம் முடிந்தபோது நாடு முழுதும் சுமார் 3.5 கோடி அடுப்பு போட்டதாகக் கணக்கு. அதில் என் நோட்டின் அடுப்புகளும் சேர்த்திதான். பின்னால் ஒடிசாவில் கிராம விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் போட்ட அடுப்புகளை நான்கு ஆண்டு பின்தொடர்ந்து எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஓர் ஆய்வு செய்தார்கள். முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் கரைந்துபோயிற்று. பழுதுபார்க்காததும் பயன்படுத்தாததும் காரணம். அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆட்டுத் தொட்டிக் குழாய்தான் நினைவு வந்தது.

அதன்பின் வந்தது எரிவாயு. 2006 தேர்தலுக்குப் பின் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2016 மே முதல் தேதி மத்திய அரசின் உஜ்வலா உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கியது. புகையைப் பொறுத்தவரை இவைதான் உண்மையான மாற்றம் என்பேன். எத்தனை நல்ல மண் அடுப்பும் ஒரு கேஸ் அடுப்புக்கு ஈடாகாது. ஆனால் அடுப்பு இலவசம், சிலிண்டர் விலைக்கு. கூலி வேலை இல்லாத மாதத்தில் சிலிண்டர் மூலையில் நிற்கும், முற்றத்தில் முள்ளு விறகு எரியும்.

வீட்டுப் பக்கமும் சும்மா இல்லை. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க வீட்டுக்கு 75,000 ரூபாய் கொடுத்தார்கள். 2011இல் வந்த முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை அதைவிடவும் யோசித்துச் செய்ததாகச் சொல்வேன். 300 சதுர அடி. தனிச் சமையலறை, கழிப்பறை, மழைநீர் சேகரிப்பு. ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குக்கு. ஐந்து சி.எஃப்.எல். விளக்கு. ஆண்டுக்கு 60,000 வீடு என்று இலக்கு. தனிச் சமையலறை என்ற ஒன்றே எத்தனை பெரிய விஷயம் என்பது மேலே சொன்ன அளவீட்டைப் படித்தவர்களுக்குப் புரியும். விளக்கில்தான் பழைய கதை. பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுதான். புதிது வாங்கும் காசை யார் கொடுப்பது? நான் பார்த்த சில வீடுகளில் கூரைமேல் பலகை வெயில் காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே பேட்டரிப் பெட்டியில் அரிசி டப்பா.

இனி ஓடந்துறை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற வழியில், பவானிக் கரையில் உள்ள ஊராட்சி. நம்மில் பலர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அதைக் கடந்திருப்போம். 1996இல் ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். குடிநீர்த் திட்டம் வந்தது, தெருவிளக்குகள் கூடின, குடிசைகள் வீடுகளாயின. எல்லாம் நல்லது. கூடவே ஊராட்சியின் மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. ஊராட்சிக் கணக்கு எழுதிய எவருக்கும் தெரியும், மோட்டார் கரண்டு பில் வருகிற வாரம் தலைவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். சண்முகம் அந்த பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் சில குக்கிராமங்களில் சூரியத் தெருவிளக்கு. 2003இல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி ஓடும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்று, குடிநீர் ஏற்றுவதற்கு.

அதற்குப் பிறகு செய்ததுதான் துணிச்சல். ஊராட்சி தானே ஒரு காற்றாலை வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். 350 கிலோவாட், விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேமித்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1.15 கோடியை வங்கியில் கடன் வாங்கினார்கள். ஓர் ஊராட்சி இப்படிக் கடன் வாங்கியதாக அதுவரை நான் கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் இதைப் பேசிக்கொண்டபோது "தணிக்கையில் மாட்டுவார்" என்றுதான் பந்தயம் கட்டினார்கள். நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

2006இல் காற்றாலை நின்றது. ஓடந்துறையில் அல்ல, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விழுகிற இடம் அது. வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை சுற்றும். அங்கே உண்டாகும் கரண்டு மின்வாரியத்தின் கம்பியில் கலக்கும். ஊராட்சிக்குக் கணக்கில் வரும். கணக்கைப் பாருங்கள். 350 கிலோவாட் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் முப்பது லட்சம் யூனிட்டுக்கு மேல். காற்று அப்படி வீசாது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று வைத்தால் சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம். மீதி விற்பனை. அந்த வருமானத்திலேயே வங்கிக் கடன் அடைந்தது. 2006க்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார், வேலை தொடர்ந்தது. உலக வங்கிக்காரர்கள் வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு இதில் காற்றாலையைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. பில் கட்டுகிறவரும் இயந்திரத்துக்குப் பொறுப்பானவரும் ஒரே ஊராட்சி. சக்கரம் நின்றால் தவணை நிற்கும், தவணை நின்றால் வங்கி மேலாளர் தலைவர் வீட்டு வாசலில் நிற்பார். என் அடுப்புகள் அணைந்தபோது யார் வாசலிலும் யாரும் நிற்கவில்லை. மற்ற ஊராட்சிகள் ஏன் கூட்டம் கூட்டமாக இதைப் பின்பற்றவில்லை என்று கேட்கலாம். கையில் 40 லட்சம் மிச்சம் வைத்திருந்த ஊராட்சிகள் எத்தனை இருந்தன என்பதை முதலில் எண்ண வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள், தண்ணீர் கொடுத்த அந்த அம்மாளின் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். அவர் இல்லை. மருமகள் இருந்தார். ஓலை போய்த் தார்சு வீடு, உள்ளே கேஸ் அடுப்பு, பக்கத்தில் ஒரு கரண்டு அடுப்பும். டீ போட்டுக் கொடுத்தார். கொல்லைப்புறம் மூன்று கல் கூட்டி, மேலே கரி பிடித்த அண்டா ஒன்று இருந்தது. குளிக்க வெந்நீருக்கு மட்டும் என்றார்.