எட்டே எறிதல்கள்!

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'குவாட்டர்பேக்'தான் அணியின் மூளை. நம்மூர் கால்பந்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர் பந்தைக் கையால் எறிவார்! 1953-ல் சிகாகோ பேர்ஸ் அணியில் அப்படி எறிய வந்தவரின் பெயரே வில்லி த்ரோயர். அதாவது, 'எறிபவர்'! (பெயர்ப் பொருத்தம்னா இப்படியில்ல இருக்கணும்?)

ஒரே சிக்கல், அவர் கறுப்பர். ஓடவும் மோதவும் கறுப்பர்கள் வரலாம். மூளை வேலை மட்டும் வெள்ளையருக்கு. இது அன்றைய எழுதப்படாத சட்டம்.

அக்டோபர் 18. எதிரே சான்ஃபிரான்சிஸ்கோ அணி. ஜார்ஜ் பிளாண்டாவை உட்காரவைத்துவிட்டு, பயிற்சியாளர் ஹாலஸ் த்ரோயரை இறக்கினார். அந்த லீகின் நவீன காலத்தில் முதல் கறுப்பு குவாட்டர்பேக்! எட்டு முறை எறிந்தார். மூன்று சகாக்களின் கையில் சேர்ந்தன; 27 கெஜம் லாபம். ஒன்று எதிரணிக்குப் போனது. அணி எல்லைக்கோட்டை நெருங்கியதா... "நீ வாப்பா வெளியே" என்கிற மாதிரி அவரை அழைத்துக்கொண்டு, மறுபடி பிளாண்டாவை அனுப்பிவிட்டார் ஹாலஸ்! கடைசியில் 35-28 என்று தோற்றதென்னவோ பேர்ஸ்தான்.

அந்த சீஸனோடு த்ரோயரைக் கழற்றிவிட்டார்கள். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு கறுப்பு குவாட்டர்பேக் களமிறங்க 1968 ஆயிற்று. டென்வர் அணியின் மார்லின் பிரிஸ்கோ அவர்.

த்ரோயரின் சொந்த ஊரான நியூ கென்சிங்டனில் 2006-ல் சிலை வைத்தார்கள். அவர் இறந்தது 2002-ல்.