ராமானுஜன் பட்டியல்ல விட்டுப்போன எண்

போன வாரம் தூத்துக்குடி வண்டிக்காக வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன்ல காத்துக்கிட்டிருந்தேன். சுத்திலும் கரிசல் காடு, நல்ல வெயில். மணியாச்சின்னா நமக்கு 1911 ஜூன் 17, வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷ். அதே 1911-லதான் ராமானுஜனோட முதல் ஆய்வுக் கட்டுரையும் இந்தியக் கணிதச் சங்கத்தோட இதழ்ல வந்தது. இன்னிக்கு எபிசோடு அவரைப் பத்தித்தான். குறிப்பா, அவர் தவறவிட்ட ஒரு எண்ணைப் பத்தி.

12-ஐ எடுத்துக்கோங்க. 1, 2, 3, 4, 6, 12-ன்னு ஆறு காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே இருக்கிற எல்லாரையும் காரணிக் கணக்குல ஜெயிக்கிற எண்ணுக்கு ராமானுஜன் வெச்ச பேர் 'ஹைலி காம்போசிட் நம்பர்'. எஃப்.ஏ. தேர்வுல தோத்துப்போன மனுஷனுக்கு 1916-ல கேம்பிரிட்ஜ் பி.ஏ. ஆராய்ச்சிப் பட்டம் கொடுத்தது இந்த எண்களைப் பத்தின 1915 கட்டுரைக்காகத்தான்.

அதுல ஒரு அட்டவணை இருக்கு. 67463283​88800 வரைக்கும் 102 எண்கள். கம்ப்யூட்டர் கிடையாது, கையால போட்ட கணக்கு. ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்தா ஒரு ஆயுசு போதாது. அவர் எண்ணோட வடிவத்தைப் பிடிச்சார்: 2, 3, 5, 7-ன்னு பகா எண்கள் இடைவெளி இல்லாம வரணும், அடுக்குகள் போகப் போக ஏறவே கூடாது. 4, 36 ரெண்டையும் தவிர மத்ததுல கடைசிப் பகா எண்ணோட அடுக்கு 1-தான். இதை வெச்சு ஒரு சின்ன புரோகிராம் எழுதினா, உங்க லேப்டாப் கண் சிமிட்டுறதுக்குள்ள பட்டியலைக் கொடுத்துடும். ஆனா 103 எண் வரும்.

விட்டுப்போனது 293318625600. அதாவது 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. எப்படி நழுவிச்சு? 13967553600-ஐ 23-ஆல பெருக்கினா 321253732800. அது பட்டியல்ல இருக்கு, 5376 காரணிகள். அதே எண்ணை 21-ஆல பெருக்கினா நம்ம ஆள். புதுப் பகா எண் 23-ஐச் சேர்க்காம, 3-க்கும் 7-க்கும் ஒவ்வொரு அடுக்கு கூட்டினா வர்றவர். பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட எல்லாம் 23 இருக்கு, இவர்கிட்ட இல்ல. நான் கோடு எழுதியிருந்தாலும் இந்த எட்ஜ் கேஸ்லதான் விழுந்திருப்பேன்.

நாமகிரித் தாயார் கனவுல சொன்னா, அவர் எழுதினார், அவ்வளவுதான்னு கதை சொல்றவங்ககிட்ட இந்த எண்ணைக் காட்டணும்னு எனக்கு ஆசை. உட்கார்ந்து கணக்குப் போட்டவருக்குத்தான் ஒண்ணு விட்டுப்போகும்.

இந்த எண்ணுக்கு மொத்தம் 5040 காரணிகள். 5040-மே ஒரு ஹைலி காம்போசிட் நம்பர்தான், அறுபது காரணிகள். பிளேட்டோ தன்னோட கற்பனை நகரத்துக்கு 5040 குடிகள்னு வெச்சது, எப்படிப் பிரிச்சாலும் பங்கு சரியா வரும்னுதான். 1984-ல கை ராபின்ங்கிற பிரெஞ்சுக்காரர், ஒரு எண்ணோட காரணிகளைக் கூட்டினா வர்ற தொகைக்கு ஒரு உச்சவரம்பு சொன்னார். 5040-க்கு மேல எந்த எண்ணும் அதைத் தொடலைன்னா ரீமான் கருதுகோள் உண்மை, ஒண்ணு தொட்டாலும் பொய்.

ராமானுஜனும் கிட்டத்தட்ட அந்த வரம்பு வரைக்கும் போயிருந்தார். ஆனா போர்க்காலம், லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண முடை, கட்டுரையோட பின்பாதி அச்சேறல. அதைத் தொகுத்து 1997-ல வெளியிட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் அதே ராபின்.