கப்பலில் வந்த களஞ்சியம்

அமெரிக்க நாட்டின் நாட்டுப்புறங்களில் பயணம் செய்வோர், பண்ணை வீடுகளின் பின்புறத்தில் நெளிதகடுகளாலான நீண்ட இரும்புப் பெட்டி நிற்பதைக் காணலாம். அதனுள் பண்ணைக் கருவிகள், தீவன மூட்டைகள், பழைய மரச்சாமான்கள் முதலியன அடுக்கப்பட்டிருக்கும். கப்பலில் சரக்கேற்றிச் செல்லும் பெட்டகமே அது. கடலில் சென்ற பெட்டகம் கொல்லைப்புறக் களஞ்சியமானது எப்படி? அதை எவ்வாறு நிறுத்தினால் நெடுநாள் உழைக்கும்? இரண்டாம் வினாவின் விடை முதல் வினாவின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

முன்பெல்லாம் மூட்டை, பீப்பாய், பெட்டி என ஒவ்வொன்றையும் தனித்தனியே கப்பலில் ஏற்றி இறக்கினர். இதனால் கப்பல்கள் நாள் கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடந்தன. மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர், சக்கரங்களை விட்டுவிட்டு லாரியின் பெட்டியை மட்டும் சரக்கோடு கப்பலில் ஏற்ற எண்ணினார். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பழைய முறையில் ஒரு டன் சரக்கை ஏற்ற 5.86 டாலர் செலவாயிற்று; புதிய முறையில் ஆனது 16 சென்ட்டுக்கும் குறைவே!

பெட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எப்படி? இதற்கு வழி கண்டவர் கீத் டாண்ட்லிங்கர் என்ற பொறியாளர். பெட்டகத்தின் மூலைகளில் துளையுள்ள வார்ப்பிரும்பு போன்ற கனத்த எஃகுத் துண்டுகளையும், அவற்றைப் பிணைக்கும் முறுக்குப் பூட்டையும் அவர் அமைத்தார். மேற்பெட்டகத்தின் எடை நான்கு மூலைத் தூண்களின் வழியே கீழே இறங்கும். 1963இல் இக்காப்புரிமையைப் பிறரும் பயன்படுத்த மெக்லீனின் நிறுவனம் இசைந்தது. பன்னாட்டுத் தர அமைப்பு 1968இல் பெட்டகத்தின் அளவுகளையும், 1970இல் மூலைத் துண்டின் வடிவத்தையும் வரையறுத்தது.

அமெரிக்காவுக்குள் சரக்கோடு வரும் பெட்டகங்களைவிடச் சரக்கோடு வெளியேறுபவை குறைவு. காலிப் பெட்டகத்தைத் திருப்பியனுப்பச் செலவாகும். எனவே வயதான பெட்டகங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன; உழவரும் சிறுவணிகரும் வாங்கினர். பெட்டகத்தைக் குடியிருப்பாக மாற்றும் முறைக்கு 1989இல் காப்புரிமையே வழங்கப்பட்டது.

இனி, நிறுத்தும் முறையைக் காண்போம். தீப்பெட்டியின் உட்பெட்டியை எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். செவ்வகமான அதன் வாய் இணைகரமாகச் சாயும். பெட்டகத்தின் கதவுப் பக்கமும் இத்தகையதே. ஒரு மூலை மண்ணில் அமிழ்ந்தால் சட்டம் கோணும்; கதவு இறுகித் திறக்க மறுக்கும். ஆகவே நான்கு மூலைகளின் கீழும் கான்கிரீட் கட்டைகளை ஒரே மட்டத்தில் வைத்து, அவற்றின்மேல் பெட்டகத்தை நிறுத்த வேண்டும். அடியில் காற்றோட்டமும் கிடைக்கும். துருவை எதிர்க்கும் எஃகாயினும், ஈரம் ஓயாது தங்கும் இடத்தில் அதன் காப்புப் படலம் சரிவர உருவாகாது.

அடுத்த பகைவன் உள்ளிருக்கும் காற்றே! 20 அடிப் பெட்டகத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர். 30 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமே தாங்கும். தெவிட்டிய காற்று இரவில் அவ்வளவு குளிர்ந்தால், 400 கிராமுக்கு மேற்பட்ட நீர் கூரைத் தகட்டில் துளித்து விதைமீதும் துணிமீதும் சொட்டும். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் காற்றுத் துளைகள் அமைத்தால் இத்தொல்லை குறையும்.

சிலர் பெட்டகத்தை மண்ணில் புதைத்து நிலவறையாக்க முயல்கின்றனர். இது உயிருக்கே ஆபத்து. சோதனையில் ஒவ்வொரு மூலைத் தூணும் குறைந்தது 86 டன் எடையைத் தாங்க வேண்டும். கூரைக்கோ, 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பரப்பில் 300 கிலோகிராம் வைத்தே சோதிக்கின்றனர். கூரைமேல் 60 செ.மீ. உயரம் மண் நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ 15 டன்! பக்கச் சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளித்தான் சோதிக்கின்றனர். மண்ணோ வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது.

பெட்டகத்தின் வலிமை தகட்டில் இல்லை, மூலைகளில் இருக்கிறது. கப்பலில் அடுக்குவதற்காக அவ்வாறு படைக்கப்பட்டது அது. ஒரு பொருளைப் புதிய வேலைக்கு அமர்த்துமுன், அது எந்த வேலைக்காகப் பிறந்தது என்று கேட்டறிவது நன்று.